ஸ்ரீபெரும்புதூர் மண்ணைப் படித்த ராபர்ட் புரூஸ் ஃபூட்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்றாலே நமக்குக் கார் கம்பெனிகள்தான் நினைவுக்கு வரும். நம் பிள்ளைகள் பலர் டிப்ளமோ முடித்த கையோடு அங்கே ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள். ஆனால் ஜியாலஜி எனப்படும் நிலவியல் நூல்களில் ஸ்ரீபெரும்புதூர் என்பது ஒரு பாறை அடுக்கின் பெயர். தொழிற்சாலைகள் நிற்கும் அந்த வட்டாரத்தின் நிலத்தை ஆரம்ப நாட்களிலேயே முறையாக ஆராய்ந்து எழுதியவர் ராபர்ட் புரூஸ் ஃபூட்.

1834 இல் இங்கிலாந்தில் பிறந்த ஃபூட், 1858 இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். 1891 வரை 33 ஆண்டுகள் அந்த வேலைதான். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு பைபிளைத் தமிழாக்கிய பாதிரியார் பெர்சிவலின் மகளை மணந்தார். எனவே தமிழ் அவர் வீட்டுக்கு அந்நியமாக இருந்திருக்காது.

பாலாற்றுக்கு வடக்கே சென்னை, வட ஆற்காடு மாவட்டப் பகுதிகளைப் பற்றி அவர் எழுதிய அறிக்கை 1873 இல் வெளியானது. ஸ்ரீபெரும்புதூர்ப் பாறைகளில் செடிகளின் இலைத் தடங்களும் கடல்வாழ் உயிர்களின் எச்சங்களும் கிடைக்கின்றன. அந்த அடுக்குகள் பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. இன்று லாரிகள் ஓடும் அந்த இடத்தை அன்று கடல் தொட்டிருந்தது என்பதற்கு அந்த எச்சங்களே சாட்சி.

அவருக்குப் பெரும்புகழ் தந்தது வேறொரு கல். 1863 மே 30 அன்று, பல்லாவரத்தில் சரளை தோண்டிய குழி ஒன்றில் செதுக்கிய கல் ஒன்றைக் கண்டெடுத்தார். ஆதிமனிதனின் கைக்கோடரி அது. பிரான்சில் கிடைத்த இத்தகைய கற்கள் மனிதன் செய்த கருவிகளே என்று இங்கிலாந்து அறிஞர்கள் ஏற்று அப்போது நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. தூர தேசத்துச் செய்தியைக் கூர்ந்து படித்திருந்ததால்தான் பல்லாவரத்துக் கல் அவர் கண்ணுக்குக் கருவியாகத் தெரிந்தது. மற்றவர்களுக்கு அது வெறும் ஜல்லி! அதே ஆண்டு செப்டம்பரில், நண்பர் வில்லியம் கிங்குடன் திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கத்தில் இன்னும் பல கருவிகளைக் கண்டார்.

ஆனால் அவற்றின் வயதை எப்படிக் கணிப்பது? அவரிடம் இருந்தது சுத்தியலும் கண்ணும்தான். அக்கருவிகள் கிடைத்த செம்பூராங்கல் படிவு கடலடியில் உருவானது என்று அவர் கருதினார். பின்னால் வந்தவர்கள் அதை ஏற்கவில்லை. வயதுக்கான விடை 2011 இல் கிடைத்தது. சாந்தி பப்பு தலைமையிலான குழுவினர் அதிரம்பாக்கத்தின் மண் அடுக்குகளில் பதிந்திருந்த பூமியின் காந்தத் திசையை அளந்தார்கள். கற்களில் விண்கதிர்கள் விட்டுச்சென்ற தடயத்தையும் அளந்தார்கள். அங்குள்ள கருவிகள் குறைந்தது 10 லட்சம் ஆண்டுப் பழமை உடையவை என்று தெரிந்தது.

மண்ணின் காந்தத்தை அளப்பதும், நிலத்துக்குள் அதிர்வலைகளைச் செலுத்தி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு அடியில் உள்ள அடுக்குகளைப் படமாக்குவதும் புவி இயற்பியல் என்னும் ஒரே துறையின் வேலைகள். எண்ணெய் தேடவும் நிலநடுக்கத்தை ஆராயவும் இத்துறையினர் தேவை. ஜமாஅத்தில் மேற்படிப்பு பற்றிப் பேச்சு வந்தால் மெக்கானிக்கலும் கம்ப்யூட்டரும்தான் அடிபடுகின்றன. இந்தப் படிப்பின் பெயரையே நாம் சொல்வதில்லை. ஃபூட் பணியாற்றிய அதே துறை இன்றும் இயங்குகிறது. யூ.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு வழியாக நிலவியலாளர்களையும் புவி இயற்பியலாளர்களையும் அது எடுக்கிறது. எம்.எஸ்சி. இயற்பியல் படித்த நம் பெண்பிள்ளைகளும் பையன்களும் புவி இயற்பியலாளர் பணிக்கு விண்ணப்பிக்கலாம் என்பது பல பெற்றோருக்குத் தெரியாது.

ஓய்வுக்குப் பிறகும் ஃபூட் சும்மா இருக்கவில்லை. பரோடா சமஸ்தானத்துக்காக நிலவியல் ஆய்வு செய்தார், ஏற்காட்டில் குடியிருந்தார். பல ஆண்டுகளாகச் சேர்த்த கற்கருவிகளையும் பானை ஓடுகளையும் சென்னை அரசு அருங்காட்சியகம் பெற்றுக்கொண்டது. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் காலமானார். அந்தச் சேகரிப்பைப் பற்றி அவர் எழுதிய பெரிய விவரநூல் அவர் இறந்த பிறகே அச்சாகி வந்தது.