மதிற்சுவர் எழுப்பிய மாமனிதர்

சர் சையித் அகமது கான் என்றவுடன் சீர்திருத்தவாதி, உருது உரைநடை வல்லுநர், கல்வித் தந்தை என்னும் பெயர்களே நம் நினைவில் எழுகின்றன. ஒரு கல்லூரியின் நிலத்தையும் கட்டடத்தையும் கணக்கையும் இருபதாண்டுக் காலம் தம் தோளிலேயே சுமந்த நிருவாகியாக அவரை அறிந்தோர் சிலரே. அந்தப் பக்கத்தையே இங்கு எழுத விழைகின்றேன்.

1817ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் தில்லியில் பிறந்த சையித், கம்பெனியாரின் நீதித்துறையிற் பணியேற்றார். கட்டடங்கள் மீது அவருக்கிருந்த பற்று இளமையிலேயே வேரூன்றியது. தில்லியின் பழம்பெருங் கட்டடங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1847இல் வெளிவந்தது. குதுப் மினாரின் உச்சிப் பகுதிக் கல்வெட்டுகளைப் படியெடுக்கக் கூடையொன்றில் அமர்ந்து அந்தரத்தில் தொங்கினாராம். பேணுவாரின்றிப் பாழ்பட்ட மாளிகைகளை அளந்து திரிந்த அந்தக் கண்களே பின்னர்க் கல்லூரியின் ஒவ்வொரு செங்கல்லையும் மேற்பார்த்தன.

1869இல் இங்கிலாந்து சென்ற அவர் கேம்பிரிட்ஜ் கல்லூரிகளைக் கண்டார். ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் உண்டு, உறங்கி, விளையாடிப் பயிலும் முறை அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. 1875 மே 24ஆம் நாள் அலிகாரிற் பள்ளி தொடங்கப்பெற்றது. மறு ஆண்டே பணியினின்று ஓய்வுபெற்று அங்குக் குடியேறினார். 1877 ஜனவரி 8ஆம் நாள் அரசப் பிரதிநிதி லிட்டன் பிரபு கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். கிடைத்த நிலம் படையினர் விட்டுச் சென்ற பாசறைத் திடல். பரப்பு 74 ஏக்கர்.

நிலம் கிடைத்தது, பணம்? இங்கேதான் அவருடைய தனித்திறன் விளங்குகின்றது. நூல்களை விற்றார், பரிசுச் சீட்டு நடத்தி மார்க்க அறிஞரின் கண்டனத்துக்கு ஆளானார், முதிர்ந்த வயதில் மேடையேறி நிதி திரட்டவும் நாணவில்லை. கொடையாளர் பெயரைக் கட்டடங்களிலும் சுற்றுமதிலிலும் கல்லிற் பொறிக்கச் செய்தார். பெருந்தொகை தர இயலாதவரும் மதிலின் ஒரு பகுதிக்கு உரியவராயினர். தம் பெயர் தாங்கிய சுவர் இடிவதை எவர்தாம் பொறுப்பர்? முஸ்லிம்கள் மட்டுமன்றி இந்துப் பெருமக்களும் ஆங்கிலேயரும் பொருளுதவி செய்தனர். வேலை நடக்குமிடத்தில் வெயிலையும் பாராது நின்று கண்காணிப்பது அவர் வழக்கம்.

ஆயினும், அனைத்தையும் தாமே தாங்கும் இவ்வியல்பே அவருக்கு இடரும் ஆயிற்று. 1889இல் அறங்காவலர் விதிகளை வகுத்தபோது, தமக்குப் பின் செயலாளராக வரத்தக்கவராகத் தம் மகனும் அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதியுமான சையித் மகமூதை அமர்த்தினார். தொடக்க நாள் முதல் உடனுழைத்த மௌலவி சமீயுல்லா கான் மனம் வெறுத்து விலகினார். சையிதின் நோக்கம் தூயதே; ஆயின் பொதுச்சொத்தின் காவலுக்கு அம்முறை ஏற்றதன்று என்பதே என் துணிபு.

1895இல் பேரிடி விழுந்தது. நெடுங்காலம் நம்பியிருந்த தலைமை எழுத்தர் காசோலைகளிற் கள்ளக் கையொப்பமிட்டு, இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கல்லூரிப் பணத்தைக் கவர்ந்தமை வெளிப்பட்டது. கல் கல்லாகச் சேர்த்த நிதி அது. சுவர் எழுப்பத் தெரிந்த பெரியவருக்குக் கணக்கைச் சரிபார்க்க இரண்டாவது ஒருவரை வைக்கத் தோன்றவில்லை. கல்லூரி கடனில் ஆழ்ந்தது. மாணவர் தொகையும் குறைந்தது. எண்பதை நெருங்கிய முதியவரின் உடல் அவ்வதிர்ச்சியினின்று மீளவேயில்லை.

1898 மார்ச் 27ஆம் நாள், தம் சொந்த இல்லத்திலன்றி நண்பர் ஒருவரின் இல்லத்தில் அவர் உயிர் நீத்தார். அடக்கச் செலவையும் நண்பர் முஹ்சினுல் முல்க்கே ஏற்க வேண்டியிருந்தது. அவருக்குப் பின்னர் முஹ்சினுல் முல்க் ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டிக் கடனைக் குறைத்தார். 1920இல் கல்லூரி பல்கலைக்கழகமாயிற்று. 74 ஏக்கர் திடல் இன்று ஆயிரம் ஏக்கரைக் கடந்து விரிந்துள்ளது. பழைய வளாகத்தின் பள்ளிவாசல் அருகே சையித் அடங்கியிருக்கின்றார்.