வல்லூறு பழக்கிய சக்கரவர்த்தி... ஒரே நாள் வேட்டையில் பறிபோன 30 வருட உழைப்பு!

ஆபீஸ்ல ரொம்ப முக்கியமான நாள். அன்னிக்குன்னு பார்த்து லீவு போட்டுட்டு ஊர் சுத்தப் போறீங்க. திரும்பி வந்தா உங்க லேப்டாப் இல்லை, பேக்கப் எடுக்காத ஃபைலும் இல்லை. எப்படி இருக்கும்? 1248 பிப்ரவரி 18 அன்று, இத்தாலியின் பார்மா நகருக்கு வெளியே கிட்டத்தட்ட இதுதான் ஒருத்தருக்கு நடந்தது. அவர் சாதாரண ஆள் இல்லை. புனித ரோமப் பேரரசின் சக்கரவர்த்தி, இரண்டாம் ஃபிரெடெரிக்.

1194-ல் இத்தாலியின் யேசி என்ற சின்ன ஊரில் பிறந்தவர். மூணு வயசு முடியறதுக்குள்ள அப்பா போயிட்டார். 1198-ல் சிசிலியின் ராஜாவாக முடிசூட்டினாங்க, அதே வருஷம் அம்மாவும் இறந்துட்டாங்க. அந்தப் பையன் வளர்ந்தது சிசிலியின் தலைநகர் பலெர்மோவில். லத்தீன், கிரேக்கம், அரபு மூணும் புழங்கிய ஊர் அது. 1220-ல் ரோமில் சக்கரவர்த்தி ஆனார். அப்புறம் வாழ்க்கை முழுக்க போப்களோடு மல்லுக்கட்டுதான். சிலுவைப் போருக்குக் கிளம்பத் தாமதம் பண்ணினார்னு 1227-ல் அவரைத் திருச்சபையிலிருந்தே விலக்கி வெச்சாங்க. ஆனாலும் கிளம்பிப் போய், 1229-ல் எகிப்து சுல்தான் அல்-காமிலோடு பேச்சுவார்த்தை நடத்தி, சண்டையே இல்லாமல் ஜெருசலேமை வாங்கினார். அதுக்கும் போப்பிடம் பாராட்டு கிடைக்கலைங்கிறது தனிக்கதை.

இத்தனை களேபரத்துக்கு நடுவுல அவர் மனசு இருந்த இடம் வேற. வல்லூறு!

வல்லூறைப் பழக்குறதுன்னா என்னன்னு கொஞ்சம் பார்த்துடலாம். அது நாய் மாதிரி இல்லை. மனுஷனைக் கண்டாலே பயந்து மிரளும். அடிச்சு மிரட்டினா அவ்வளவுதான், கயிற்றை அவிழ்த்த நிமிஷமே பறந்து போயிடும், திரும்பி வராது. அதனால, புதுசா பிடிச்ச பறவையோட கீழ் இமைகளை நூலால் தைத்துக் கண்ணை மூடுவாங்க. படிக்கவே கஷ்டமா இருக்குல்ல? அந்தக் காலத்து முறை அது. தோல் உறை போட்ட கையில் பறவையை உட்கார வெச்சு, இறைச்சி ஊட்டும்போதெல்லாம் ஒரே மாதிரி குரல் கொடுக்கணும். குரல் கேட்டா சாப்பாடு வரும்னு அது புரிஞ்சுக்கும். அப்புறம் தையலைக் கொஞ்சம் கொஞ்சமா தளர்த்தி வெளிச்சத்தையும் மனுஷ முகங்களையும் பழக்கணும். அடுத்து நீளமான கயிறு கட்டிப் பறக்கவிட்டு, கூப்பிட்டால் வருதான்னு பார்க்கணும். கடைசியில் கயிறே இல்லாமல் விடுற நாள் வரும். அன்னிக்கு அது திரும்பி வரணும்னா ஒரே காரணம்தான், அதுக்கே வரணும்னு தோணணும். ஊரையே அதிகாரம் பண்ணுற சக்கரவர்த்தி, இந்த ஒரு ஜீவன் முன்னாடி மட்டும் கையில் இறைச்சியை வெச்சுக்கிட்டு காத்திருந்தார்.

கண்ணை மூட அரபுக்காரர்கள் பயன்படுத்திய தோல் தொப்பியைப் பார்த்ததும் அவருக்குப் பிடிச்சுப்போச்சு. ஐரோப்பாவில் அது பரவ அவரும் முக்கியக் காரணம். அரபு நாடுகளில் இருந்தெல்லாம் வல்லூறு பழக்குறவங்களை வரவழைச்சார். அவங்க நூல்களை லத்தீனில் மொழிபெயர்க்கவும் வெச்சார்.

அவரிடம் வேலைக்குச் சேரணும்னா என்ன தகுதி தெரியுமா? பார்வையும் காதும் கூர்மையா இருக்கணும். நீச்சல் தெரியணும், பறவை ஆற்றுக்கு அந்தப் பக்கம் போயிட்டா பின்னாடியே போகணுமே! குடிகாரர், கோபக்காரர், சோம்பேறிக்கு இடமில்லை. ரொம்ப ஆழ்ந்து தூங்குறவரும் வேண்டாம். ராத்திரி பறவையின் கால் மணிச் சத்தம் கேட்டதும் எழுந்திருக்கணும்.

30 வருஷமா கவனிச்சதையெல்லாம் அவர் ஒரு புத்தகமா எழுதினார். பெயர், 'பறவைகளைக் கொண்டு வேட்டையாடும் கலை'. அரிஸ்டாட்டில் சொன்னதுன்னா அப்படியே நம்பின காலம் அது. இவரோ, அந்த மனுஷர் வல்லூறு வெச்சு வேட்டையாடினதே இல்லை, அதான் இங்கெல்லாம் தப்பு விட்டிருக்கார்னு தைரியமா எழுதினார். பிணந்தின்னிக் கழுகு இரையைக் கண்டுபிடிக்கிறது மோப்பத்தாலா, பார்வையாலா? கண்களை மூடிட்டு இறைச்சியைப் பக்கத்தில் வெச்சுப் பார்த்தார். கழுகு கண்டுக்கவே இல்லை. தீக்கோழி முட்டை வெயில் சூட்டிலேயே பொரியுமான்னு இத்தாலியிலேயே சோதனை நடத்தினார். மரத்தில் ஒட்டியிருக்கிற சிப்பிகளில் இருந்துதான் ஒருவகை வாத்து பிறக்குதுன்னு பலர் நம்பினாங்க. அந்த மரத்துண்டை வரவழைச்சுப் பார்த்துட்டு, உள்ளே பறவை எதுவும் இல்லைன்னு எழுதி வெச்சார்.

தனக்கு அடிபணியச் சொல்லி மங்கோலியர்கள் தூது அனுப்பினப்போ, கானிடம் வல்லூறு பழக்குற வேலைக்குத் தான் பொருத்தமான ஆள்தான்னு அவர் கிண்டலடிச்சதா ஒரு பழைய வரலாற்றுக் குறிப்பு சொல்லுது.

இப்போ பார்மாவுக்கு வருவோம். நகரம் 1247-ல் அவருக்கு எதிரா திரும்பிடுச்சு. முற்றுகை போட்டு, வெளியே ஒரு முகாம் நகரத்தையே கட்டி, வெற்றின்னு அர்த்தம் வர்ற மாதிரி விட்டோரியான்னு பெயரும் வெச்சார். ஜெயிக்கிறதுக்கு முன்னாடியே! பிப்ரவரி 18 அன்று வல்லூறுகளோடு வேட்டைக்குக் கிளம்பினார். பார்மாக்காரங்க வெளியே பாய்ஞ்சாங்க. முகாம் எரிஞ்சது. கஜானா, கிரீடம், கூடவே அந்தப் புத்தகப் பிரதியும் போச்சு. அவர் கிரெமோனாவுக்குத் தப்பிப்போனார். 1250 டிசம்பரில், 56 வயசு நிறையறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி இறந்துட்டார்.

பல வருஷம் கழிச்சு, தொலைஞ்ச பிரதியை மிலன் வியாபாரி ஒருத்தர் விற்கப் பார்த்தார். யாருக்கு? ஃபிரெடெரிக் குடும்பத்தின் பரம எதிரியான அஞ்ஜூவின் சார்லஸுக்கு. அதுக்கப்புறம் அந்தப் பிரதியைப் பற்றித் தகவலே இல்லை.

ஆனா மகன் மன்ஃபிரெட் இருந்தார். அப்பாவின் குறிப்புகளைத் தேடிச் சேர்த்து, விட்டுப்போன இடங்களைத் தானே நிரப்பினார். தான் சேர்த்தது எதுன்னு தெரியணும்னு, அந்த இடங்களில் ராஜா என்று அர்த்தம் தரும் 'ரெக்ஸ்' என்ற சொல்லைப் போட்டு வெச்சார். 1266-ல் சார்லஸின் படையோடு மோதி அவரும் செத்துப்போனார். நூற்றுக்கணக்கான வண்ணப் பறவைகள் நிறைஞ்ச அவரோட பிரதி இன்னிக்கும் பத்திரமா இருக்கு. அதில் அல்-காமில் பரிசா அனுப்பின வெள்ளை காக்கட்டூ கிளியின் படம்கூட உண்டு. எங்கே இருக்குன்னு கேட்கிறீங்களா? போப்களின் வாட்டிகன் நூலகத்தில்.