மேல்வளி கண்ட மேதை சிசிர் குமார் மித்ரா

இலண்டனில் பேசும் குரல் நம் ஊர் வானொலிப் பெட்டியில் சிற்றலையில் எப்படிக் கேட்கிறது? தரைக்கு மேலே நூறு முதல் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் அயனி மண்டலம் அமைந்து, அந்த அலைகளைத் திருப்பி அனுப்புவதால்தான். இயற்பியல் மாணவனாகிய நான் இப்பாடத்தைப் படிக்கும்போதெல்லாம் நினைப்பது பேராசிரியர் சிசிர் குமார் மித்ராவை.

வங்காளத்தில் 1890 அக்டோபர் 24 அன்று பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர்; தாயோ அக்காலத்திலேயே மருத்துவம் பயின்று பாகல்பூரில் பணியாற்றியவர். கல்கத்தாவில் பட்டம் பெற்ற மித்ரா, நம் சர் சி. வி. இராமனின் வழிகாட்டுதலில் ஒளியியல் ஆய்ந்து, 1919இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் பிரான்சு சென்றார். அங்கே நான்சி நகரில் வானொலி வால்வுகளைப் பற்றிய ஆய்வைக் கண்டதும் அவர் மனம் அத்துறைக்குத் திரும்பிற்று. 1923இல் தாயகம் திரும்பிக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் வானொலி ஆய்வுக்கூடம் அமைத்தார். மாணவர்களோடு சேர்ந்து அயனி மண்டலத்தை அளக்கத் தொடங்கினார்.

அந்நாளில் அளவீடுகள் உலகெங்கும் சிதறிக் கிடந்தன. அவற்றையெல்லாம் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, மேல்வளி மண்டலம் குறித்து ஒரு பெருநூல் எழுதினார். வெளிநாட்டுப் பதிப்பாளர்கள் ஏற்க முன்வரவில்லை. 1947இல் கல்கத்தா ஆசியக் கழகமே அதை வெளியிட்டது. உலக ஆய்வாளர்கள் விரும்பி வாங்கினர். 1952இல் மறுபதிப்பு வந்தது. 1955இல் ருசிய மொழியிலும் வெளியாயிற்று.

காந்த நடுக்கோட்டுக்கு நேர் மேலே எலக்ட்ரான் செறிவு குறைந்து, இருபுறமும் மிகுந்து காணப்படுவது ஏன்? நடுக்கோட்டுக்கு மேல் மிகு உயரத்தில் தோன்றும் எலக்ட்ரான்கள் காந்தக் கோடுகள் வழியே இருபுறமும் இறங்குகின்றன என்று 1946இல் அவர் விளக்கினார். நடுக்கோட்டில் அவை மின்புலத்தால் மேலே தூக்கப்படுகின்றன என்பதைப் பின்வந்தோர் சேர்த்தனர். கொள்கையை அளவீடு திருத்துவது அறிவியலுக்கு இழுக்கன்று. அதுவே அதன் உயிர்.

இன்று அத்திருத்தத்தைக் கணிப்பொறி செய்கிறது. கணித மாதிரி ஒரு மதிப்பை முன்னுரைக்கும். செயற்கைக்கோள் வேறொன்றை அளக்கும். இரண்டில் எது எவ்வளவு நம்பத்தக்கதோ, அதற்கேற்ற எடை கொடுத்துப் புதிய மதிப்பு காணப்படும். அதிலிருந்து அடுத்த முன்னுரை பிறக்கும். 2006இல் ஏவப்பட்ட ஆறு 'காஸ்மிக்' செயற்கைக்கோள்கள், வழிகாட்டிச் செயற்கைக்கோள்களின் அலைகள் வளிமண்டலத்தினூடே வளைந்து வருவதை அளந்து, தரைநிலையங்களே இல்லாத கடற்பரப்பின் மேலும் செறிவைக் காட்டின. மாதிரி பிழைத்தால் வானூர்தியும் கப்பலும் தம் இருப்பிடத்தைப் பிழையாக அறியும். நடுக்கோட்டையொட்டி ஏற்றத்தாழ்வு மிகுதி. ஆகவே, நம் வானுக்கு நம் அளவீடுகள் இன்றியமையாதவை.

இதை முன்பே உணர்ந்துதான் மித்ரா ஹரிங்கட்டாவில் ஆய்வு நிலையம் நிறுவினார் எனக் கருதுகிறேன். 1958இல் இலண்டன் ராயல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1963 ஆகஸ்டு 13 அன்று மறைந்தார். நிலவின் பள்ளம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நண்பர்களே, நம் ஆய்வுக்கூடத்துக் கருவி எளியதாயினும் அதில் எடுக்கும் அளவைப் பொய்யின்றிக் குறித்து வைப்போம். சிதறிய அளவுகளைச் சேர்த்தே அந்தப் பேராசான் வானை வரைந்தார்.