கங்கைத் தண்ணீர் முதல் ஒரு லட்ச ரூபாய் சவால் வரை: யார் இந்த ஆபிரகாம் கோவூர்? வாட்ஸ்அப் சதிக் கதைகளை நம்பும் பிள்ளைகளுக்கு இவர் வாழ்க்கை ஏன் உதவும்?

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பள்ளி விட்ட நேரத்தில் நின்று பார்த்தால் தெரியும். பத்து பசங்க நின்றால் எட்டு பேர் கையில் செல்போன். நிலவுக்கு மனிதன் போகவே இல்லை, தடுப்பூசிக்குப் பின்னால் ஒரு சதி இருக்கு, ஊருக்குள்ள பிள்ளை பிடிக்கிற கும்பல் புகுந்திடுச்சு என்று வீடியோ மேல் வீடியோ. வீட்டுக்கு வந்து அதையே சாப்பாட்டு நேரத்தில் சொல்லும்போது, பெற்றோர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, போனைப் பிடுங்கி வைக்கிறார்கள். இல்லையென்றால் அவர்களும் சேர்ந்து நம்பிவிடுகிறார்கள்.

இது வெறும் வெட்டிப் பேச்சு இல்லை. 2018 மே மாதம், திண்டிவனத்திலிருந்து செஞ்சி, திருவண்ணாமலை வழியாகப் போனால் வரும் போளூர் பக்கத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு குடும்பத்தை ஊரே சூழ்ந்து அடித்தது. அந்தக் குடும்பத்தோடு வந்த 65 வயது மூதாட்டி ஒருவர் வழியில் பார்த்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். அவர் செய்தது அவ்வளவுதான். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று சந்தேகப்பட்டு அடித்தே கொன்றுவிட்டார்கள். அதே நாட்களில் பழவேற்காட்டிலும் ஒருவர் இதே வதந்தியால் உயிரிழந்தார்.

வாட்ஸ்அப் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இந்த மாதிரி கதைகளோடு மல்லுக்கட்டியவர் ஒரு பள்ளி ஆசிரியர். பெயர் ஆபிரகாம் தாமஸ் கோவூர். மலையாளி, ஆனால் வாழ்க்கையின் பெரும்பகுதி இலங்கையில். பாடம் நடத்தியதில் பல வருஷம் யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு.

பாதிரியார் வீட்டுப் பிள்ளை

1898 ஏப்ரல் 10-ம் தேதி கேரளாவின் திருவல்லாவில் பிறந்தார் கோவூர். அப்பா மார் தோமா சபையில் பெரிய பொறுப்பில் இருந்த பாதிரியார். வீடு முழுக்க ஜெபமும் வேதமும்தான். கல்லூரிப் படிப்புக்கு கல்கத்தாவின் பங்கபாசி கல்லூரிக்குப் போனார். எடுத்த பாடம் தாவரவியல்.

கல்கத்தா என்றால் கங்கை. ஊரில் இருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள், லீவுக்கு வரும்போது கங்கைத் தண்ணீர் கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். அங்கே ஆற்றில் மிதந்ததை எல்லாம் பார்த்த கோவூருக்கு அதை எடுத்து வர மனசு வரவில்லை. வரும் வழியில் ஒரு ரயில் நிலையக் குழாயில் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டார். வாங்கியவர்களுக்கு ஒரே சந்தோஷம். அந்தத் தண்ணீரைக் குடித்த பிறகு நோய் குணமானதாகக்கூடச் சிலர் சொன்னார்கள். குழாய்த் தண்ணீருக்கு அந்தச் சக்தி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அவரை வாழ்நாள் முழுக்க விடவில்லை.

ஒன்று கவனிக்கணும். இந்தக் கதையைச் சொன்னவர் கோவூரே. வேறு சாட்சி கிடையாது. கேட்க நன்றாக இருக்கிறது என்பதற்காகவே ஒரு கதையை நம்பக்கூடாது என்று அவர் சொல்லிக்கொடுத்த பாடத்தை அவர் கதைக்கும் போட்டுப் பார்க்கலாம். அப்படிப் போட்டுப் பார்க்கிற பிள்ளையைப் பார்த்தால் அவரே தட்டிக்கொடுத்திருப்பார்.

யாழ்ப்பாணத்தில் நடந்த வேதப் பாடம்

கோட்டயத்தில் கொஞ்ச காலம் கல்லூரி வேலை. பிறகு 1928-ல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு தாவரவியல் ஆசிரியராகப் போனார். அது கிறிஸ்தவ மிஷன் பள்ளி. பாதிரியார் மகன்தானே என்று வேதப் பாட வகுப்பையும் அவரிடம் கொடுத்திருக்கிறார்கள். பரீட்சையில் பிள்ளைகள் பிரமாதமாகத் தேறினார்கள். ஆனால் அடுத்த வருஷம் அந்த வகுப்பு அவர் கையை விட்டுப் போனது. காரணம், பிள்ளைகள் மதிப்பெண்ணோடு சேர்த்து ஏகப்பட்ட கேள்விகளையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். சிலருக்கு நம்பிக்கையே ஆட்டம் கண்டுவிட்டதாம்.

அதன் பிறகு காலியில் ரிச்மண்ட் கல்லூரி, கல்கிசையில் புனித தோமையார் கல்லூரி, கடைசியாக கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரி. 1959-ல் ஓய்வு. பெரும்பாலானவர்களுக்கு அதோடு கதை முடியும். கோவூரை உலகம் தெரிந்துகொண்டது 60 வயதுக்குப் பிறகுதான். இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராக 1960-ல் பொறுப்பேற்றவர், சாகும் வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். பேய் வீடு என்று சொன்ன இடங்களில் போய் ராத்திரி தங்குவது, நல்ல நேரம் பார்க்காமல் வேண்டுமென்றே கெட்ட நேரத்தில் பயணம் கிளம்புவது என்று எல்லாவற்றையும் தன் மேலேயே சோதித்துப் பார்த்தார்.

ஒரு லட்சம் யாருக்கு?

1963-ல் அவர் விட்ட சவால்தான் அவரை நாடு கடந்து கொண்டு போனது. அற்புத சக்தி இருப்பதாகச் சொல்பவர்கள் நேரில் வந்து நிரூபித்தால் இலங்கைப் பணத்தில் ஒரு லட்ச ரூபாய். அந்தக் காலத்தில் அது சாதாரணத் தொகை இல்லை. என்ன செய்யணும் என்று ஒரு பட்டியலே போட்டார். சீல் வைத்த கவருக்குள் இருக்கும் ரூபாய் நோட்டின் நம்பரைச் சொல்லலாம். தண்ணீர் மேல் நடக்கலாம். தண்ணீரைப் பெட்ரோலாக மாற்றலாம். தணல் மேல் அரை நிமிஷம் அசையாமல் நின்று கால் கொப்பளிக்காமல் வரலாம். ஜோசியர்களுக்குத் தனிக் கணக்கு: கலந்து கொடுக்கும் ஜாதகங்களில் எது ஆண், எது பெண், யார் உயிரோடு இருக்கிறார், யார் இறந்துவிட்டார் என்று பிரித்துக் காட்டணும். கொஞ்சம் தப்பு வந்தாலும் மன்னிப்பு உண்டு.

விளையாட்டுக்கு வருபவர்களைத் தடுக்க 1,000 ரூபாய் முன்பணம் கட்டணும் என்று நிபந்தனை. பல வருஷம் ஓடியது. 1978-ல் கோவூர் இறக்கும் வரை அந்த ஒரு லட்சத்தை யாரும் வாங்கவில்லை.

இந்தச் சவாலில் பரிசுத் தொகையை விட முக்கியமானது அதை வடிவமைத்த விதம். எது நடந்தால் நான் தோற்றேன் என்று கோவூர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டார். சோதனை முடிந்த பிறகு இரண்டு பக்கமும் பேச்சை மாற்ற முடியாது. இன்றைய சதிக் கதைகள் தப்பிப்பதே இந்த இடத்தில்தான். ஆதாரம் இருந்தால், பார்த்தியா என்பார்கள். இல்லாவிட்டால், மறைச்சுட்டாங்க என்பார்கள். இரண்டுக்கும் ஒரே முடிவு. ஒரு 15 வயதுப் பிள்ளையிடம் இது பொய் என்று வாதாடுவதை விட, எதைப் பார்த்தா இது தப்புன்னு நீ ஒத்துப்பே என்று கேட்பது வேலைக்கு ஆகும். பதில் வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து தேடலாம். எதைக் காட்டினாலும் மாற மாட்டேன் என்று சொன்னால், ஏன் அப்படி என்பதே அடுத்த பேச்சு.

ஜப்பானுக்குப் போன கடிதம்

1970-களில் இந்தியா முழுக்க ஒரு கதை ஓடியது. ஜப்பானின் சீக்கோ கைக்கடிகார நிறுவனத் தலைவர் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைத்திருந்த புது மாடல் வாட்ச்சை, புட்டபர்த்தி சத்ய சாய் பாபா இங்கே வரவழைத்து அவர் கையிலேயே கொடுத்தார் என்பது கதை. அதைப் பார்த்து அந்தத் தலைவர் பக்தராகிவிட்டார் என்றும் சொன்னார்கள். சொன்னவர் படிக்காதவர் இல்லை, நாடறிந்த ஒரு விஞ்ஞானி. அதனால் கதைக்கு இன்னும் மவுசு கூடியது.

கோவூர் வாதம் எதுவும் பண்ணவில்லை. கதையைச் சொன்ன விஞ்ஞானியிடம் விவரம் கேட்டார். பிறகு நேராக சீக்கோ தலைவர் ஹட்டோரிக்கே ஒரு கடிதம் போட்டார். 1973-ல் பதில் வந்தது. தனக்கு அந்தச் சாமியாரைத் தெரியாது, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று.

யோசித்துப் பாருங்கள். இவ்வளவு பேர் நம்பிய கதையில், சம்பந்தப்பட்டவரிடமே கேட்கலாம் என்று எத்தனை பேருக்குத் தோன்றியது? ஒரு தபால் தலைச் செலவுதான். இன்று அந்தச் செலவும் இல்லை. 2018-ல் நாடு முழுக்கப் பரவிய ஒரு வீடியோவில், பைக்கில் வரும் இரண்டு பேர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில் எடுத்த குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுப் படம். முழு வீடியோவில் குழந்தையைத் திரும்பக் கொண்டு வந்து விட்டுவிட்டு, வாசகம் எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டு யாரோ அனுப்பியிருந்தார்கள்.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பரவியதும் இதே ரகம். எங்கோ நடந்த, சம்பந்தமே இல்லாத சண்டைக் காட்சிகளைச் சேர்த்துக் கட்டிய கதை. பயந்துபோய்ப் பலர் ரயில் ஏறினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே நேரில் வந்து விசாரிக்க வேண்டியதாயிற்று.

பேய் வீட்டில் இருந்தது யார்?

கோவூரின் கேஸ் டைரியில் அடிக்கடி வருவது பேய் வீடுகள். கூரை மேல் கல் விழும், அலமாரித் துணி தானாகத் தீப்பிடிக்கும், சாப்பாட்டில் மண் இருக்கும். மந்திரவாதிகள் வந்து பார்த்துத் தோற்ற பிறகு கோவூரைக் கூப்பிடுவார்கள். வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசுவார், தேவைப்பட்டால் ஹிப்னாடிசம் செய்வார். பல கேஸ்களில் இதைச் செய்தது அந்த வீட்டுக்காரர்களில் ஒருவர்தான் என்று தெரியவரும். பெரும்பாலும் வீட்டில் யாரும் கண்டுகொள்ளாத ஒரு சின்ன வயசுப் பிள்ளை.

அந்தப் பிள்ளையை ஊர் முன்னால் நிறுத்தாமல், வீட்டுப் பெரியவர்களைக் கூப்பிட்டு, பிள்ளைக்கு என்ன குறை, என்ன பயம் என்று பேசியதாகவே அவர் எழுதி வைத்திருக்கிறார். அவருடைய கேஸ் ஒன்றுதான் மலையாளத்தில் 1972-ல் புனர்ஜன்மம் என்ற படமானது. அடுத்த வருஷம் முத்துராமன், மஞ்சுளா நடிப்பில் மறுபிறவி என்று தமிழிலும் வந்தது.

இன்று சதிக் கதை பேசும் பிள்ளைக்கும் இது பொருந்தும். எல்லாருக்கும் தெரியாதது எனக்குத் தெரியும் என்பது அந்த வயதில் பெரிய கிக். வகுப்பில் மதிப்பு இல்லாத பையனுக்கு யூடியூப் குழு ஒன்று மதிப்பு தருகிறது. அதைக் கண்டுகொள்ளாமல் வீடியோவை மட்டும் பொய் என்று நிரூபித்தால், நாளைக்கு இன்னொரு வீடியோ வரும்.

கோவூரிடம் எடுத்துக்கொள்ளக் கூடாதது என்ன?

கேலி. மேடையிலும் எழுத்திலும் அவர் நம்பிக்கையாளர்களைக் கடுமையாகத் தாக்கினார். சவாலை விடும்போதே எதிராளியை ஏமாற்றுக்காரன், ஏமாளி என்ற கணக்கில்தான் பேசினார். கூட்டத்தில் கைதட்டல் கிடைத்திருக்கும், சாப்பாட்டு மேசையில் அது எடுபடாது. பிள்ளையை முட்டாள் என்று சொன்ன நிமிஷத்தில் பேச்சு முடிந்துவிடும். கடவுளை நம்பும் வீட்டில், நம்பாத வீட்டில் என்ற வித்தியாசமும் இங்கே இல்லை. பக்தியுள்ள அம்மாவும் வீடியோவை யார் எடுத்தது என்று கேட்கலாம். நாத்திகம் பேசும் அப்பாவும் தடுப்பூசி வதந்தியில் விழலாம். 2017-ல் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நடந்தபோது, வாட்ஸ்அப் மெசேஜைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு ஊசி வேண்டாம் என்று சொன்ன பெற்றோரில் எல்லா ரகத்தினரும் உண்டு.

திருவக்கரைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

கோவூர் ஒரு தாவரவியல்காரர். அவர் பாணியில் பிள்ளைகளுக்குப் பழக்கிவிட திண்டிவனம் பக்கத்திலேயே ஒரு இடம் இருக்கிறது. வானூர் வட்டம் திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. வக்கிராசுரன் என்ற அசுரனின் எலும்புகள் இவை என்று ஊரில் ஒரு கதை உண்டு. புவியியலாளர்கள், இவை சுமார் 2 கோடி ஆண்டுகள் பழைய மரங்கள் என்கிறார்கள்.

யார் சொல்வது சரி என்று நாமே தீர்ப்புச் சொல்லாமல், பிள்ளையைக் கூட்டிப்போய்க் குனிந்து பார்க்கச் சொல்லலாம். எலும்பு என்றால் எப்படி இருக்கணும்? மரம் என்றால் என்ன தெரியணும்? வளையங்கள் தெரிகின்றன, நார் ஓட்டம் தெரிகிறது. சரி, மரம்தான். அப்படின்னா வேரும் கிளையும் எங்கே? இங்கேயே வளர்ந்த மரம் என்றால் அவையும் கிடக்கணுமே? இந்தக் கேள்விதான் புவியியலாளர்களை அடுத்த முடிவுக்குக் கொண்டுபோனது: வேறு எங்கோ வளர்ந்து, பழங்கால வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, மணலில் புதைந்து கல்லானவை. ஒரு பதில் அடுத்த கேள்வியைத் திறந்துவிடுகிறது. மறைச்சுட்டாங்க என்ற ஒரு வார்த்தையில் முடியும் கதையில் இந்தச் சுகம் கிடையாது.

கடைசிப் பாடம்

1978 செப்டம்பர் 18-ம் தேதி கோவூர் காலமானார். அவரது சவாலை இந்தியாவில் பசவ பிரேமானந்த் கையில் எடுத்தார். கோழிக்கோட்டில் பிறந்து கோவை போத்தனூரில் வாழ்ந்த அவர், 2009-ல் இறக்கும் வரை ஊர் ஊராகப் போய், சாமியார்கள் செய்யும் வித்தைகளை மேடையில் தானே செய்து காட்டினார்.

கோவூர் தன் உயிலில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார். கண்கள் கண் வங்கிக்கு. உடல் மருத்துவ மாணவர்கள் படிக்க. அவர்கள் படித்து முடித்த பிறகு எலும்புக்கூட்டை, தான் கடைசியாகப் பாடம் நடத்திய தேர்ஸ்டன் கல்லூரியின் அறிவியல் கூடத்தில் வைக்கச் சொல்லியிருந்தார், பிள்ளைகள் பார்த்துப் படிக்க.