சாதனை வீராங்கனை பெட்டி வில்சன்

மகளிர் கிரிக்கெட்டை இன்று உலகமே உற்றுநோக்குகிறது. ஊதியமோ பெருங்கூட்டமோ இல்லாத காலத்தில் அவ்விளையாட்டுக்குப் பெருமை சேர்த்தவர்களுள் தலைசிறந்தவர் ஆஸ்திரேலிய வீராங்கனை பெட்டி வில்சன்.

இவர் 1921ஆம் ஆண்டு நவம்பர் 21 அன்று மெல்போர்ன் நகரில் பிறந்தார். தந்தை காலணி செய்யும் தொழிலாளர். உழைக்கும் மக்கள் நிறைந்த கோலிங்வுட் பகுதியில் வளர்ந்த பெட்டி, பத்து வயதிலேயே அங்கிருந்த மகளிர் கிரிக்கெட் குழுவில் சேர்ந்தார். தாயின் காலுறைக்குள் பந்தை இட்டு, துணி உலர்த்தும் கொடியில் கட்டித் தொங்கவிட்டு, அதையே அடித்து அடித்துப் பயிற்சி பெற்றார்.

திறமை கனிந்த பருவத்தில் இரண்டாம் உலகப்போர் குறுக்கிட்டது. பன்னாட்டுப் போட்டிகள் நின்றுபோயின. 1948இல், தம் 26ஆம் வயதில்தான் பெட்டி முதல் டெஸ்ட் போட்டியில் ஆடினார். வெல்லிங்டனில் நியூசிலாந்துக்கு எதிராக நடைபெற்ற அப்போட்டியில் 90 ஓட்டங்கள் எடுத்ததோடு பத்து விக்கெட்டுகளையும் வீழ்த்தினார். மறு ஆண்டு அடிலெய்டில் இங்கிலாந்துக்கு எதிராக 111 ஓட்டங்கள் குவித்தார்.

பெண்ணுக்குத் திருமணமே முதற்கடமை என்று கருதப்பட்ட காலம் அது. 1951இல் இங்கிலாந்துப் பயணமா, திருமணமா என்ற நிலை வந்தபோது பெட்டி பயணத்தையே தேர்ந்தெடுத்தார். நிச்சயிக்கப்பட்டிருந்த மணம் நின்றுபோயிற்று, ஆட்டம் நிற்கவில்லை.

1958இல் மெல்போர்னில் நடைபெற்ற டெஸ்ட் போட்டியில் ஆஸ்திரேலிய அணி 38 ஓட்டங்களில் சுருண்டது. தோல்வி நெருங்கிய அந்நிலையில், பெட்டி ஏழு ஓட்டங்களை மட்டுமே கொடுத்து ஏழு விக்கெட்டுகளை வீழ்த்தினார். இங்கிலாந்து 35 ஓட்டங்களில் அடங்கியது. அடுத்தடுத்த மூன்று பந்துகளில் மூவரை வீழ்த்தி, மகளிர் டெஸ்டில் அச்சாதனையை நிகழ்த்திய முதல் வீராங்கனையானார். இரண்டாம் இன்னிங்ஸில் சதம் அடித்து, மேலும் நான்கு விக்கெட்டுகளையும் எடுத்தார். ஒரே டெஸ்டில் சதமும் பத்து விக்கெட்டுகளும் என்னும் சிகரத்தை அதற்கு முன் ஆடவரும் தொட்டதில்லை. இயான் போத்தம் மும்பையில் அதனை எட்டியது 1980இல்தான்.

பத்தாண்டுகளில் பெட்டிக்குக் கிடைத்தவை 11 டெஸ்டுகள் மட்டுமே. அவற்றில் அவர் ஈட்டியவை 862 ஓட்டங்கள், 68 விக்கெட்டுகள். 2010ஆம் ஆண்டு ஜனவரி 22 அன்று அவர் மறைந்தார். வாய்ப்புகள் குறைவாக வந்த வாழ்வில், வந்த ஒன்றையும் வீணாக்காதவர் அவர். ஆஸ்திரேலியாவின் சிறந்த இளம் வீராங்கனைக்கு இன்று அவர் பெயரால் விருது வழங்கப்படுகிறது.