இந்திய நெல் வயல்தான் பூமியைச் சூடாக்குதா? 9 மடங்கு ஊதிய கணக்கை அளந்து திருத்திய ஏ.பி.மித்ரா!

இந்திய நெல் வயல்கள் வருஷத்துக்கு 3 கோடியே 78 லட்சம் டன் மீத்தேன் வாயுவை வெளியிடுது. 1990 வாக்கில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் பெயரில் உலகம் முழுக்கச் சுற்றிய கணக்கு இது. புவி வெப்பமடைய நம்ம ஊர் விவசாயியும் பெரிய காரணம்னு இதுக்கு அர்த்தம். அது சரிதானான்னு வயல்லயே அளந்து பார்க்க வைத்த விஞ்ஞானிதான் ஏ.பி.மித்ரா.

யார் இந்த மித்ரா?

முழுப்பெயர் அசேஷ் பிரசாத் மித்ரா. 1927 பிப்ரவரி 21-ல் கொல்கத்தாவில் பிறந்தவர். ஆரம்பத்தில் இவருக்கும் நெல்லுக்கும் சம்பந்தமே கிடையாது. வானொலி அலைகளைத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலம்தான் அவரது துறை. 1950-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியா போன அவர், விண்வெளியில் இருந்து வரும் ரேடியோ இரைச்சலை வைத்து அயனி மண்டலத்தை அளக்கும் முறையை அங்கே ஷெய்ன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து உருவாக்கினார்.

1954-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் சேர்ந்தார். 1968-ல் பட்நாகர் விருது, 1989-ல் பத்ம பூஷண். 1982 முதல் 1986 வரை அந்த ஆய்வகத்துக்கே இயக்குநர். அடுத்து 1991 வரை அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர்.

வயலில் மீத்தேன் எப்படி வருது?

வயலில் தண்ணீர் தேங்கி நின்றால் மண்ணுக்குள் ஆக்சிஜன் போகாது. அந்தச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மட்கும் பொருளைத் தின்று மீத்தேனை விடும். பெரும்பகுதி நெல் தண்டு வழியாகவே காற்றுக்கு வந்துவிடும். 100 வருஷக் கணக்கில் பார்த்தால், கார்பன் டை ஆக்சைடை விட சுமார் 28 மடங்கு அதிகமாகச் சூட்டைப் பிடித்து வைக்கும் வாயு இது.

சிக்கல் எங்கே வந்தது? மேலை நாட்டு வயல்களில் எடுத்த அளவை, இந்தியாவின் சுமார் 4 கோடி ஹெக்டேர் நெல் பரப்போடு பெருக்கிவிட்டார்கள். ஆனா இங்கே பல வயல்களில் தண்ணீர் எப்பவும் நிற்காது. மானாவாரி வயல் நடுவில் காய்ந்து போகும். நம்ம மண்ணில் மட்கும் பொருளும் குறைவு.

1991-ல் நடந்தது என்ன?

மித்ராவின் முயற்சியில், தேசிய இயற்பியல் ஆய்வகம் பல நிறுவனங்களை ஒருங்கிணைத்து 1991-ல் நாடு தழுவிய மீத்தேன் அளவீட்டை நடத்தியது. முறை ரொம்ப எளிமை. நெற்பயிர் மேல் ஒளி புகும் பெட்டியைக் கவிழ்ப்பார்கள். குறிப்பிட்ட நேர இடைவெளியில் உள்ளே இருக்கும் காற்றை ஊசிக்குழாயில் இழுத்து ஆய்வகத்தில் சோதிப்பார்கள். மீத்தேன் எவ்வளவு வேகமாகக் கூடுதோ, அதுதான் அந்த வயலின் அளவு. தண்ணீர் நிற்கும் வயல், காயும் வயல், மானாவாரி என்று தனித்தனியாகக் கணக்கெடுத்தார்கள்.

விடை? வருஷத்துக்கு சுமார் 40 லட்சம் டன். கூடக்குறைய 27 முதல் 54 லட்சம் டன்னுக்குள்தான். அதாவது பழைய கணக்கு 9 மடங்குக்கு மேல் ஊதிப் போயிருந்தது!

இது ஏன் முக்கியம்?

1992-ல் ஐ.நா. பருவநிலை ஒப்பந்தம் கையெழுத்தான நேரம் அது. எந்த நாடு எவ்வளவு வெளியிடுதுன்னு உலகமே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. 2004-ல் இந்தியா ஐ.நா.வுக்குக் கொடுத்த முதல் அறிக்கையில், 1994-க்கான நெல் வயல் மீத்தேன் சுமார் 40.9 லட்சம் டன். அதே அறிக்கையில் ஆடு, மாடுகளின் செரிமானத்தில் வரும் மீத்தேன் சுமார் 90 லட்சம் டன். விவசாயத்துக்குப் பங்கே இல்லைன்னு யாரும் சொல்லவில்லை; எவ்வளவு என்பதைத்தான் அளந்து சொன்னார்கள்.

1999-ல் இந்தியப் பெருங்கடல் மேல் படர்ந்த புகைமூட்டத்தை ஆராய்ந்த சர்வதேசத் திட்டத்திலும் இந்தியத் தரப்பை வழிநடத்தியவர் மித்ராதான். 2007 செப்டம்பர் 3-ல் காலமானார்.

காட்டுப்பள்ளிக்கு இதில் என்ன இருக்கு?

பழவேற்காடு ஏரியை ஒட்டிய காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் வட சென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்கள் நிலக்கரியை எரிக்கின்றன. கொஞ்சம் உள்ளே போனால் மீஞ்சூர், பொன்னேரியில் நெல் வயல்கள். இரண்டும் கலப்பது ஒரே காற்றில்தான். ஆனா வயல் மீத்தேன் பூமியைச் சூடாக்கும்; நிலக்கரிப் புகையில் வரும் நுண்துகளும் கந்தக டை ஆக்சைடும் மீனவக் குடும்பங்களின் மூச்சையே பாதிக்கும். யார் பங்கு எவ்வளவுன்னு அந்த இடத்திலேயே அளந்தால்தான் தெரியும்.

அளவு தெரிந்தால் தீர்வும் தெரியும். வயலை நடுநடுவே காயவிட்டுத் தண்ணீர் கட்டும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில் மீத்தேன் குறையும், தண்ணீரும் மிச்சமாகும். ஆனா ரொம்பக் காயவிட்டு உரத்தையும் கூட்டினால் நைட்ரஸ் ஆக்சைடு ஏறும். அதனால அதையும் சேர்த்தே அளக்கணும்.