ஜப்பானைக் காணாமலே ஜப்பானிடம் பாடம் படித்த ஓவியர் வான் கோ

வின்சென்ட் வான் கோ என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது சூரியகாந்திப் பூக்களும் அவர் தம் காதை அறுத்துக்கொண்ட கதையும்தான். அந்தப் பளிச்சென்ற வண்ணங்கள் அவருக்கு எங்கிருந்து வந்தன என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பாரிஸ் கடை ஒன்றில் சில காசுகளுக்குக் கிடைத்த ஜப்பானிய அச்சுப்படங்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

வான் கோ 1853ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் தேதி நெதர்லாந்தின் சுண்டர்ட் எனும் சிற்றூரில் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்தார். அதே ஆண்டில்தான் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் ஜப்பானியக் கரையை அடைந்தன. இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக அயலாரை ஒதுக்கி வைத்திருந்த ஜப்பான், அடுத்த ஆண்டு முதல் தன் துறைமுகங்களைத் திறக்கத் தொடங்கியது. அங்கிருந்து பீங்கான், பட்டு, விசிறி ஆகியவற்றோடு அச்சுப்படங்களும் ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்தன.

வான் கோவின் இளமைக்காலம் தோல்விகளின் வரிசை. 16 வயதில் ஓவிய விற்பனை நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். 1876இல் அந்த வேலை போனது. பள்ளி ஆசிரியராகவும் புத்தகக் கடை ஊழியராகவும் இருந்து பார்த்தார். பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடையே சமய ஊழியமும் செய்தார். எதிலும் நிலைக்கவில்லை. ஓவியராவது என்று அவர் முடிவெடுத்தபோது வயது 27.

வருமானம் இல்லாத அண்ணனுக்குத் தம்பி தியோவே பணம் அனுப்பி வந்தார். அக்காலத்தில் வான் கோ வரைந்தவை பெரும்பாலும் இருண்ட படங்கள். 1885இல் வரைந்த ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’ ஓவியத்தில், மங்கிய விளக்கொளியில் அமர்ந்திருக்கும் குடியானவர்களின் முகங்களும் மண்ணின் நிறத்திலேயே இருக்கும்.

கடைப் பரணில் கிடைத்த புதையல்

அந்த ஆண்டின் இறுதியில் அவர் பெல்ஜியத்தின் துறைமுக நகரான ஆண்ட்வெர்ப்புக்குச் சென்றார். அங்கே தமது அறைச் சுவரில் ஜப்பானியப் படங்கள் சிலவற்றைக் குத்தி வைத்தார். அப்போது அவை அவருக்கு அறைக்கு அழகு சேர்க்கும் படங்கள் மட்டுமே.

1886ஆம் ஆண்டு தொடக்கத்தில் பாரிஸில் ஓவிய வணிகத்தில் இருந்த தியோவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஜப்பானியப் பொருள்கள் அந்நகரில் பேஷனாக இருந்த நேரம் அது. சீக்ஃப்ரீட் பிங் எனும் வணிகரின் கடைப் பரணில் ஆயிரக்கணக்கான அச்சுப்படங்கள் குவிந்து கிடந்தன. வான் கோ அங்கு மணிக்கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். அந்தக் குளிர்காலத்தில் 600க்கும் மேற்பட்ட படங்களை வாங்கினார்.

அவற்றை விற்று நாலு காசு பார்க்கலாம் என்பது அவர் கணக்கு. 1887இல் ‘தம்பூரின்’ எனும் உணவகத்தில் அப்படங்களைக் கண்காட்சியாக வைத்தார். வியாபாரம் படுதோல்வி. விற்காத படங்கள் அவரிடமே தங்கிவிட்டன. ஆனால் அந்தக் கண்காட்சியைப் பார்த்த எமில் பெர்னார், லூயி ஆங்கெட்டின் எனும் இளம் ஓவியர்களின் பாணி மாறத் தொடங்கியது. வான் கோவின் பாணியும் மாறியது.

மலிவான படம், பெரிய பாடம்

‘உகியோ-எ’ எனப்படும் இப்படங்கள் அரண்மனைக்காக உருவானவை அல்ல. ஓவியர் வரைந்து கொடுத்ததை ஒருவர் மரப்பலகையில் செதுக்குவார். இன்னொருவர் பலகையில் வண்ணம் தடவிக் காகிதத்தை வைத்துத் தேய்த்து அச்செடுப்பார். ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனிப் பலகை வேண்டும். இன்றைய தோக்கியோவான அன்றைய எடோ நகரில், சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் இவை விற்கப்பட்டன. நாட்காட்டிப் படம்போல வீட்டில் ஒட்டி வைக்கலாம். கிழிந்தால் தூக்கிப் போடலாம்.

ஐரோப்பிய ஓவியப் பள்ளிகள் ஒளியையும் நிழலையும் படிப்படியாகக் குழைத்துக் காட்டவே கற்பித்தன. இந்தப் படங்களிலோ நிழலுக்கு இடம் குறைவு. உருவத்தைச் சுற்றி அழுத்தமான கோடு. உள்ளே ஒரே சீரான வண்ணம். படத்தின் முன்னால் பெரிய மரம் ஒன்று பாதி வெட்டுப்பட்டு நிற்கும். மழை என்றால் கறுப்புக் கோடுகள் சாய்வாக விழும்.

வான் கோ இதைக் கண்ணால் ரசித்ததோடு விடவில்லை. கையாலும் பழகிப் பார்த்தார். ஹிரோஷிகே 1857இல் உருவாக்கிய ‘கமெய்தோ பிளம் தோட்டம்’, திடீர் மழையில் பாலம் கடக்கும் மக்கள் ஆகிய இரு படங்களை 1887இல் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். கெய்சாய் எய்சென் வரைந்த பெண்ணின் உருவம் ‘பாரிஸ் இல்லுஸ்த்ரே’ இதழின் அட்டையில் வந்திருந்தது. அதையும் கட்டம் போட்டுப் பெரிதாக்கி வரைந்தார். மூலத்தில் உள்ளதைவிட வண்ணங்களைக் கூட்டினார். ஓரங்களில் வேறு படங்களிலிருந்து எடுத்த ஜப்பானிய எழுத்துகளையும், பொருள் தெரியாமலேயே, வரிசையாக எழுதி வைத்தார்.

அவர் அறிந்த ஜப்பான், படங்களிலும் புத்தகங்களிலும் இருந்த ஜப்பான்தான். அதில் கற்பனையும் கலந்திருந்தது. ஆயினும் தொழில் நுணுக்கத்தைக் கற்பதில் அவர் விளையாட்டாக இருக்கவில்லை.

தெற்கே தேடிய ஜப்பான்

ஜப்பானுக்குக் கப்பலேற அவரிடம் வசதி இல்லை. 1888 பிப்ரவரியில் பிரான்சின் தென்பகுதியில் உள்ள ஆர்ல் நகருக்குப் புறப்பட்டார். அங்குள்ள தெளிந்த வெளிச்சத்தில் தமக்கான ஜப்பான் கிடைக்கும் என நம்பினார். பூத்துக் குலுங்கிய பழத்தோட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக வரைந்தார். நாணலைச் சீவிப் பேனாவாக்கி, புள்ளிகளாலும் சிறு கோடுகளாலும் வயல்களைத் தீட்டினார். சூரியகாந்தி ஓவியங்கள் பலவும் அங்கே பிறந்தன.

ஜப்பானிய ஓவியர்கள் சகோதரர்களைப்போல் வாழ்ந்து, தங்கள் படங்களைப் பரிமாறிக்கொண்டார்கள் என்பது அவர் நம்பிக்கை. அதுபோன்ற ஓவியர் குடும்பம் ஒன்றை ஆர்ல் நகரில் அமைக்க விரும்பினார். அக்டோபரில் ஓவியர் பால் கோகன் வந்து அவருடன் தங்கினார். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. டிசம்பர் 23ஆம் தேதி மனம் நிலைகுலைந்த வான் கோ தம் காதை அறுத்துக்கொண்டார். கனவும் அத்துடன் கலைந்தது.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய அவர் 1889 ஜனவரியில் காதுக் கட்டுடன் தம்மையே வரைந்துகொண்டார். அந்த ஓவியத்தில் அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு ஜப்பானியப் படம் தொங்குகிறது.

அடுத்த ஆண்டு தியோவுக்கு மகன் பிறந்து, பெரியப்பாவின் பெயரையே சூட்டினார்கள். மனநலக் காப்பகத்தில் இருந்த வான் கோ, குழந்தைக்காக நீல வானத்தில் வெள்ளையாகப் பூத்த வாதுமைக் கிளைகளை வரைந்தார். தரையும் அடிமரமும் தெரியாமல் கிளைகள் மட்டும் நிறைந்த அந்த ஓவியம், பாரிஸில் கற்ற பாடம் அவர் கையில் ஊறிப்போனதைக் காட்டுகிறது. 1890 ஜூலை 29ஆம் தேதி, துப்பாக்கிக் குண்டுக் காயத்தால் ஓவேர் எனும் ஊரில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 37.

பின்னாளில் ஜப்பானிய ஓவியர்களும் எழுத்தாளர்களும் அவர் கல்லறையைத் தேடி ஓவேருக்கு வந்தனர். 1987இல் ஜப்பானியக் காப்புறுதி நிறுவனம் ஒன்று அவருடைய சூரியகாந்தி ஓவியத்தை ஏறக்குறைய 40 மில்லியன் அமெரிக்க டாலருக்கு ஏலத்தில் எடுத்துத் தோக்கியோவுக்குக் கொண்டு சென்றது.

வான் கோ விற்க முடியாமல் போன அச்சுப்படங்களைத் தியோவின் மனைவி யோஹன்னா பத்திரமாகக் காத்தார். அவற்றில் சுமார் 500 படங்கள் இன்று ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான் கோ அரும்பொருளகத்தில் இருக்கின்றன. பலவற்றின் மூலைகளில், சுவரில் குத்தி வைத்த ஊசித் துளைகளை இன்றும் காணலாம்.